காற்றை ஆளும் சிறு கலங்கள்

பாசிர் ரிஸ் என்னும் நம் ஊர்ப் பெயரின் பொருளை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? மலாய்மொழியில் ‘பாசிர்’ என்றால் மணல். ‘ரிஸ்’ என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, கப்பற்பாய் கிழிந்துபோகாமல் அதன் ஓரத்தில் வைத்துத் தைக்கப்படும் கயிறு என்பதாகும். அவ்விளக்கம் பொருந்துமாயின், நம் ஊர் தன் பெயரிலேயே ஒரு பாய்க்கலத்தின் நினைவைச் சுமந்து நிற்கிறது எனலாம்.

ஒரு சனிக்கிழமைக் காலையில் மாணவர் சிலருடன் நாம் பாசிர் ரிஸ் கடற்கரைக்குச் சென்றிருந்தோம். எதிரே உபின் தீவு தெரிந்தது. வடகிழக்குக் காற்று சீராக வீசிக்கொண்டிருந்தது. மாணவன் ஒருவன் தானே செதுக்கி வண்ணம் பூசிய சிறு பாய்க்கப்பலை, நூல் கட்டி நீரில் விட்டான். அது இரண்டு முழத் தொலைவுகூடச் செல்லவில்லை. ஒருபுறமாகச் சாய்ந்து கவிழ்ந்தது. மும்முறை விட்டான், மும்முறையும் கவிழ்ந்தது. “ஐயா, படத்தில் உள்ள பெரிய கப்பலை அளவெடுத்து, அதே வடிவில்தானே செய்தேன்? அது கவிழவில்லையே, இது ஏன் கவிழ்கிறது?” என்று கண்கலங்கக் கேட்டான். நல்ல வினா! அதற்குரிய விடையே இக்கட்டுரை.

உருவம் சிறுத்தாலும் காற்று சிறுக்காது

ஒரு பெரிய கலத்தின் நீளத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, அதே வடிவில் ஒரு சிறிய கலம் செய்வதாக வைத்துக்கொள்வோம். பாயின் நீளமும் அகலமும் பத்தில் ஒரு பங்காகக் குறைவதால், அதன் பரப்பு நூறில் ஒரு பங்காகிறது. கலத்தின் உடலிலோ நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைகின்றன. ஆகவே எடை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. கவிழ்க்க முயலும் பாய் நூறில் ஒன்றாக நிற்க, நிமிர்த்திப் பிடிக்க வேண்டிய எடை ஆயிரத்தில் ஒன்றாகப் போய்விட்டது. காற்றோ நம் கலம் சிறியது என்று இரக்கம் காட்டி மெல்ல வீசுவதில்லை. அம்மாணவனின் கப்பல் கவிழ்ந்த காரணம் இதுவே. குறை அவன் கைத்திறனில் இல்லை, கணக்கில் இருந்தது.

இக்கணக்கை அறிந்தவர்கள் சிறு கலத்தின் அடியில் ஆழமான ஒரு தகட்டைப் பொருத்தி, அதன் முனையில் ஈயக்குண்டு ஒன்றை வைக்கின்றனர். உலகெங்கும் மாதிரிப் பாய்க்கலப் போட்டிகளில் பயன்படும் ‘ஒரு மீட்டர்’ வகைக் கலத்தை எடுத்துக்கொள்வோம். இவ்வகை 1988ஆம் ஆண்டில் தோன்றியது. இதன் உடல் ஒரு மீட்டர் நீளத்தைத் தாண்டலாகாது. மொத்த எடை 4 கிலோவுக்குக் குறையலாகாது. அதில் அடித்தகடும் ஈயக்குண்டும் மட்டும் 2.2 கிலோ முதல் 2.5 கிலோ வரை இருக்கும். அதாவது, கலத்தின் எடையில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் நீருக்கடியில் இருக்கிறது! மேலே பளபளக்கும் பாயை நிமிர்த்தி வைப்பது கீழே மறைந்திருக்கும் ஈயமே.

கரையில் நிற்கும் மாலுமி

இக்கலங்களில் யாரும் ஏறுவதில்லை. கரையில் நிற்பவர் தம் கையிலுள்ள சிறு கருவியால் வானொலி அலைகளை அனுப்புகிறார். கலத்தினுள் இருக்கும் ஏற்பி அவற்றைப் பெற்று, இரண்டே வேலைகளைச் செய்விக்கிறது. ஒன்று, சுக்கானைத் திருப்புவது; மற்றொன்று, பாய்க்கயிற்றை இழுப்பதும் தளர்த்துவதும். கலத்தை உந்திச் செல்வது காற்று மட்டுமே.

வானொலி அலையால் தொலைவிலிருந்து ஒரு பொருளை இயக்கலாம் என்று உலகுக்கு முதன்முதலில் காட்டியதும் ஒரு படகைக் கொண்டே! நிக்கோலா டெஸ்லா என்னும் அறிவியலாளர் 1898இல் நியூயார்க் நகரில் ஒரு சிறு படகை இவ்வாறு இயக்கிக் காட்டினார்.

போட்டிகளை ஏரிகளிலும் குளங்களிலும் நடத்துவதே பெருவழக்கு. அங்கு அலை சிறிது. உப்புநீர் மின்கருவிகளை அரிக்கும் தொல்லையும் இல்லை. இரு மிதவைகளுக்கு இடையே தொடக்கக்கோடு அமையும். நேரம் எண்ணப்படும், முடியும் நொடிக்கு முன் கோட்டைத் தாண்டியவர் திரும்பி வந்து மீண்டும் தொடங்க வேண்டும். முதல் மிதவை காற்று வரும் திசையில் இருக்கும். எந்தப் பாய்க்கலமும் காற்றை நேருக்கு நேர் எதிர்த்துச் செல்ல இயலாது. ஆகவே வலப்புறம் சிறிது தூரம், இடப்புறம் சிறிது தூரம் என மாறி மாறிச் சாய்ந்தே முன்னேற வேண்டும். நீரின் மேல் கருத்த சிற்றலைகள் படர்ந்து வந்தால், அங்கே காற்று வலுக்கிறது என்று அறிந்து, தேர்ந்தவர் தம் கலத்தை அங்கே செலுத்துவர்.

இருவர் எதிர்ப்பட்டால் யார் வழிவிடுவது? தன் வலப்புறமிருந்து காற்றைப் பெறும் கலத்துக்கே முன்னுரிமை. இடப்புறமிருந்து பெறுவது விலக வேண்டும். விதியை மீறி மோதியவர், தம் கலத்தை ஒருமுறை முழுவட்டமாகச் சுழற்றிவிட்டே தொடர வேண்டும். நடுவர் பார்த்துத் தண்டிக்கட்டும் என்று காத்திராமல், தவறு செய்தவரே தம் தண்டனையை ஏற்பது இவ்விளையாட்டின் அழகு. நம் வகுப்பறைக்கும் இவ்வழகு வேண்டுமன்றோ?

கருவியில்லாக் கலம்: ஜோங்

வானொலிக் கருவி வருவதற்கு முன்பே நம் சிங்கப்பூர்க் கடலில் ஆளில்லாப் பாய்க்கலங்கள் பந்தயம் ஓடின என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தென்தீவுகளில் வாழ்ந்த மலாய் மக்கள் ‘ஜோங்’ எனப்படும் கலங்களைச் செய்து விளையாடினர். பழங்காலத்தில் பெரிய வணிகக் கப்பலுக்கு வழங்கிய பெயர் இது. இலேசான மரத்தில் ஒடுங்கிய கூரிய உடல். அதன்மேல் மிகப் பெரிய பாய். கவிழாதிருக்கப் பக்கவாட்டில் நீண்டு நிற்கும் கழி. ஈயக்குண்டு செய்யும் வேலையை இங்கே அக்கழி செய்கிறது.

ஜோங்கிற்குக் கயிறும் இல்லை, கருவியும் இல்லை. நீரில் இறங்கி நிற்பவர் காற்றைக் கணித்து, பாயையும் கழியையும் சரிசெய்து, கையை எடுத்துவிடுவார். அதன்பின் யாராலும் அதைத் திருத்த முடியாது. திருத்தமெல்லாம் விடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

சூடோங் தீவு மக்கள் 1970களிலும், சேக்கிங் தீவு மக்கள் 1990களின் தொடக்கத்திலும் பெருநிலத்தின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். தீவு வாழ்க்கை மறைந்தது. ஆயினும் ஜோங் செய்யத் தெரிந்த கைகள் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. ரியாவ் தீவுகளிலும் ஜோங் பந்தயங்கள் நடைபெறுகின்றன. அக்கலையை இளையோர் கற்றால்தான் அது நிலைக்கும். பெரியோர் கையிலுள்ள அறிவு, கேட்பாரின்றிப் போனால் அவர்களோடே போய்விடும்.

பெற்றோர்களே, உழைப்பாளப் பெருமக்களே! மழைக்காலத்தில் தோட்டத்துக் கால்வாயில் தென்னம்பாளையை மிதக்கவிட்ட நினைவு உங்களில் சிலருக்கேனும் இருக்கும். அதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிள்ளை வளர்ப்பும் ஒருவகையில் ஜோங் விடுவதைப் போன்றதே. கரையிலிருந்து கருவியால் திருப்பிக்கொண்டே இருக்க நம்மால் இயலாது. கையில் இருக்கும் காலத்தில் நேராக நிறுத்திவிட்டால், காற்று அவர்களைக் கொண்டு சேர்க்கும்.

அடுத்த வாரம் அம்மாணவன் மீண்டும் வந்தான். கப்பலின் அடியில் நீண்ட ஆணி ஒன்றை அடித்து, அதன் முனையில் பழைய சாவி ஒன்றைக் கட்டியிருந்தான். நீரில் விட்டதும் கலம் சாய்ந்தது. எங்கள் நெஞ்சு பதைத்தது. பின் மெல்ல நிமிர்ந்து, கையிலிருந்த நூல் தீரும்வரை ஓடியது!

செய்து பார்ப்போம்

ஒரு சாண் நீள மென்மரத் துண்டு, ஒரு ஈர்க்குச்சி, ஒரு துண்டுக் கெட்டித்தாள், ஓர் ஆணி, பழைய சாவிகள் இரண்டு ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாயை நிறுத்தி, ஓர் அகலத் தொட்டியில் மிதக்கவிட்டு, அட்டையால் விசிறுங்கள். சாவியின்றி ஒருமுறை; ஒரு சாவியுடன் ஒருமுறை; இரு சாவிகளுடன் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் கலம் எவ்வளவு சாய்கிறது, எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்று குறித்து வாருங்கள். எடை மிகுந்தால் விரைவு குறைகிறதா என்பதையும் நீங்களே கண்டறியுங்கள்.