கடைசி நாட்கள் வீட்டில்தான் என்றால்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

"இனி இங்கே வைத்துப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று டாக்டர் சொன்னதும், டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்கிற குடும்பங்கள்தான் அதிகம். ராத்திரி இரண்டு மணிக்கு வலி ஏறும்போது கையில் மாத்திரையும் இருக்காது, கூப்பிட ஒரு நம்பரும் இருக்காது.

கணியம்பாடி ஒன்றியத்தில் இருப்பவர்கள் இப்படித் தவிக்க வேண்டியதே இல்லை. பாகாயத்தில் வேலூர் சி.எம்.சி.யின் சாட் ஆஸ்பத்திரி இந்த ஒன்றியத்துக் கிராமங்களைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவருகிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பாலியேட்டிவ் (வலி, வேதனை தணிக்கும்) நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்ப்பதும் அடக்கம். ஆனால் நீங்கள் போய்க் கேட்டால்தான் கதவு திறக்கும். இன்றே கேளுங்கள்.

செய்ய வேண்டியவை

• ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே பாலியேட்டிவ் கேர் பிரிவில் பெயர் பதியுங்கள். சி.எம்.சி.யின் பிரிவு வீட்டுக்கு வந்து பார்ப்பதும் உண்டு. உங்கள் ஊர் அவர்கள் எல்லைக்குள் வருகிறதா, எந்தக் கிழமை வருவார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அக்காவிடம் சொன்னாலும் நர்ஸுக்குத் தகவல் போகும்.

• "இன்னும் எவ்வளவு நாள்?" என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். தேதி சொல்ல மாட்டார். மாதக் கணக்கா, வாரக் கணக்கா, நாள் கணக்கா என்று சொல்வார். துபாயில் இருக்கும் தம்பிக்கு எப்போது டிக்கெட் போடுவது என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

• வலி மாத்திரையைக் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். வலி வந்தபின் கொடுக்கலாம் என்று காத்திருந்தால், அடங்க அதிக நேரமாகும். சாதாரண மார்ஃபின் மாத்திரை பொதுவாக நான்கு மணி நேரத்துக்கு ஒரு வேளை. இடையில் வலி வந்தால் கூடுதலாக எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

• மார்ஃபின் தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த சீட்டுக்குக் கிளம்புங்கள். 1985 போதைப்பொருள் சட்டம் இந்த மருந்தைப் பூட்டிவைத்தது. 2014 திருத்தம் கொஞ்சம் தளர்த்தியது. இன்றும் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில்தான் கிடைக்கும், தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. பொங்கல் விடுமுறையில் தீர்ந்துபோனால் நோயாளிதான் அனுபவிக்க வேண்டும்.

• மார்ஃபினோடு மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள். மார்ஃபின் சாப்பிடுகிற எல்லோருக்கும் அநேகமாக மலம் கட்டும். வலி போய் இந்த வேதனை வந்துவிட்டால், மாத்திரையே வேண்டாம் என்று தள்ளிவிடுவார்கள்.

• கட்டிலை எங்கே போடுவது என்று யோசித்துப் போடுங்கள். வேலூர் வெயிலில், சிமென்ட் ஷீட் போட்ட அறை மத்தியானத்தில் அடுப்பு. வடக்குப் பக்க ஜன்னலோரம், காற்று வரும் இடம், கழிவறைக்குப் பக்கம், வீட்டு மனிதர்கள் நடமாடுகிற இடம் பாருங்கள். பின்கட்டு அறையில் தனியாகப் போட்டுவிட்டு மணியடிக்கச் சொல்வது கவனிப்பு ஆகாது.

• இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். படுக்கைப் புண் வந்துவிட்டால் எளிதில் ஆறாது. ஏர் பெட் போட்டாலும் புரட்டத்தான் வேண்டும். இடுப்பு, குதிகால், தோள்பட்டையில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். புண்ணில் நாற்றம் வந்தால் ஊதுபத்தி ஏற்றாதீர்கள், நர்ஸிடம் சொல்லுங்கள். நாற்றத்தை அடக்க மருந்துப் பொடி இருக்கிறது.

• யூரின் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிடுங்கள். மேலே தூக்கினால் சிறுநீர் திரும்பி ஏறும், காய்ச்சல் வரும்.

• வாய், கழுத்துப் புற்றுநோய் என்றால் அடர் நிறத்தில் பெரிய துண்டு ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். அபூர்வமாகத் திடீரென்று ரத்தம் கொட்டலாம். வெள்ளைத் துணியில் அதைப் பார்த்தால் நோயாளியும் நீங்களும் கலங்கிவிடுவீர்கள். அப்படி நடந்தால் என்ன மருந்து கொடுப்பது என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள். யாரும் தாமாக இதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

• முடிவெடுக்க ஒரே ஆளை நியமியுங்கள். மூத்த மகனாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. கூட இருந்து பார்க்கிறவர் யாரோ அவர். "வென்டிலேட்டர் வேண்டாம்" என்று நோயாளி தெளிவாகச் சொன்னால் எழுதி வாங்குங்கள். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இந்த முன்கூட்டிய மருத்துவ உயிலை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிமையாக்கியது. இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும்.

• பேசத் தெம்பு இருக்கும்போதே அவரிடம் கேளுங்கள். யாரைப் பார்க்க ஆசை, யாருக்கு எவ்வளவு தர வேண்டும், அடகுச் சீட்டு எங்கே இருக்கிறது, பாதிரியாரையோ ஹஜரத்தையோ கூப்பிடலாமா, குலதெய்வக் கோயில் திருநீறு வேண்டுமா. ஷூ கம்பெனியிலோ தோல் தொழிற்சாலையிலோ வேலை பார்த்தவர் என்றால், பி.எஃப். கணக்கில் நாமினி பெயர் ஏறியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். கல்யாணத்துக்கு முன் போட்ட அம்மா பெயரே அதில் கிடப்பது சாதாரணம்.

• மருமகளுக்கு ஓய்வு கொடுங்கள். காலையில் கம்பெனி பஸ் ஏறி, சாயங்காலம் வந்து, ராத்திரி முழுக்கக் கண்விழித்தால் அவளும் படுத்துவிடுவாள். முறை போட்டு, பெயர் எழுதி, சுவரில் ஒட்டுங்கள். ஆண்பிள்ளைகள் பெயரும் அதில் இருக்கட்டும். மலம் துடைக்கப் பழகினால் ஒன்றும் குறைந்துவிடாது.

• உயிர் பிரிந்தால் சான்று யார் தருவார் என்று இப்போதே கேட்டு வையுங்கள். கடைசியாகச் சிகிச்சை பார்த்த டாக்டர் இறப்புக் காரணச் சான்றைக் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்பது சட்டம். அதைக் கொண்டு 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள்: கிராமம் என்றால் வி.ஏ.ஓ.விடம், மாநகராட்சி எல்லை என்றால் அதன் அலுவலகத்தில். அரசின் இலவச அமரர் ஊர்திக்கு 155377. அரசு ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்து உடலை ஊருக்குக் கொண்டுவர வேண்டிவந்தால் பல ஆயிரம் மிச்சம்.

செய்யக்கூடாதவை

• "மார்ஃபின் ஆரம்பித்தால் சீக்கிரம் போய்விடுவார்" என்று சொல்லித் தடுக்காதீர்கள். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அது உயிரைப் பறிக்காது. பல நேரம் அந்திமத்தில்தான் இந்த மருந்தை ஆரம்பிக்கிறார்கள், அதனால் பழி மருந்தின் மேல் விழுகிறது. பழக்கமாகிவிடும் என்ற பயமும் இந்தக் கட்டத்தில் அர்த்தமில்லாதது. வலியில்லாமல் இரண்டு ராத்திரி தூங்கியவர் எழுந்து பேத்தியிடம் கதை பேசுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

• அளவை உங்கள் இஷ்டத்துக்குக் கூட்டாதீர்கள், திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள். எழுப்பினால் எழாத தூக்கம், மூச்சு ரொம்பவும் மெதுவாகப் போவது என்று கண்டால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே நர்ஸுக்கு போன் போடுங்கள்.

• வலிக்கு ஒட்டும் பேட்ச் மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். சூடு பட்டால் மருந்து வேகமாக உடம்பில் இறங்கிவிடும். வெயிலில் கட்டிலைப் போடுவதும் அதே ஆபத்துதான்.

• சாப்பாட்டைத் திணிக்காதீர்கள். உடம்பு அடங்கும்போது பசி அடங்குவது இயல்பு. பட்டினி போட்டுவிட்டோமே என்று நீங்கள் குமைய வேண்டாம். கேட்டால் ஒரு ஸ்பூன் கஞ்சி, கேட்காவிட்டால் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தால் போதும்.

• நினைவில்லாதவர் வாயில் பால் ஊற்றாதீர்கள். கங்கை நீரானாலும் ஜம்ஜம் நீரானாலும் இதேதான். விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போகும், மூச்சுத் திணறும். சொந்தபந்தம் வரிசையில் நிற்கும்போது மறுப்பது கஷ்டம்தான். துணியை நனைத்து உதட்டில் ஒற்றினாலே சடங்கு நிறைவேறியது என்று வீட்டுப் பெரியவர் ஒருவரை முன்கூட்டியே சொல்ல வையுங்கள்.

• தெம்புக்கென்று குளுக்கோஸ் ஏற்றச் சொல்லாதீர்கள். அந்த நீரை உடம்பால் வெளியேற்ற முடியாது. கால் வீங்கும், நெஞ்சில் சளி கட்டும். கேட்டதும் பாட்டிலை மாட்டிவிட ஊருக்கு ஓர் ஆள் இருப்பார், அவரை அழைக்காதீர்கள்.

• தொண்டையில் கரகர சத்தம் கேட்டதும் அலறாதீர்கள். மூச்சு விட்டு விட்டு வருவதும் கை கால் சில்லிடுவதும் முடிவு நெருங்கும் அறிகுறிகள். சத்தம் நமக்குத்தான் பயங்கரம். பெரும்பாலும் அவர் அந்த நேரம் அதை உணர்வதில்லை. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலையைச் சற்று உயர்த்துங்கள்.

• அந்த நேரம் பதறி 108-ஐ அழைக்காதீர்கள். உயிரைக் காப்பாற்றுவது அவர்கள் கடமை, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள். நெஞ்சை அழுத்துவார்கள், குழாய் போடுவார்கள். வீட்டில்தான் என்று முடிவெடுத்தவர் ஐ.சி.யு.வில் போய்ச் சேர்வார். முதல் போன் பாலியேட்டிவ் நர்ஸுக்கு. கீழே விழுந்து எலும்பு முறிந்தது மாதிரி விஷயத்துக்கு 108 சரி.

• கட்டிலருகே நின்று சொத்தையும் சடங்குச் செலவையும் பேசாதீர்கள். கண் மூடியிருந்தாலும் காது கேட்டுக்கொண்டிருக்கலாம்.

• நினைவு தப்பியவர் கட்டைவிரலைப் பிடித்துப் பத்திரத்தில் கைநாட்டு வைக்காதீர்கள். அது செல்லாது, கோர்ட்டில் நிற்காது. அண்ணன் தம்பிகள் காலத்துக்கும் பேசாமல் போவார்கள். உயில் எழுத வேண்டுமானால் நினைவு தெளிவாக இருக்கும்போது இரண்டு சாட்சிகளோடு எழுதுங்கள்.

• "ஒரே மாதத்தில் குணம்" என்கிற பொடிக்கும் லேகியத்துக்கும் நிலத்தை அடகு வைக்காதீர்கள். விற்கிறவர் ரசீது தருவாரா என்று கேட்டுப் பாருங்கள், பதில் தெரிந்துவிடும்.

• கண்தானம் முடிவு செய்திருந்தால் உயிர் பிரிந்ததும் மேலே ஃபேனை ஓட விடாதீர்கள். கருவிழி காய்ந்துவிடும். இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து, உடனே கண் வங்கிக்குச் சொல்லுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். புற்றுநோய் என்பதாலேயே கூடாது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், அவர்கள் சொல்லட்டும்.

• மிச்சமான மார்ஃபினைப் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் மூட்டுவலிக்குக் கொடுக்காதீர்கள். குப்பையிலும் போடாதீர்கள். கருமாதி முடிந்த வாரமே எண்ணிப் பார்த்து, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.