பிள்ளைகளின் வாசிப்பு: வீட்டில் நாம் செய்ய வேண்டியவை



பத்ருப் போரில் (ஹிஜ்ரி 2) பிடிபட்ட கைதிகளில் ஈட்டுத்தொகை கொடுக்க வசதியில்லாத, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்து விடுதலை பெற்றதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எழுத்தறிவுக்கு நபி (ஸல்) அவர்கள் தந்த மதிப்பு அது.

நம் காலத்திலும் ஒரு முன்மாதிரி உண்டு. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பிள்ளைகள் இழந்த படிப்பை மீட்க, 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. அந்தந்தத் தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்களே, பெரும்பாலும் பெண்கள், 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை கற்பித்தார்கள். பள்ளிக்கு வெளியேயும் பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

எங்கே தடுமாறுகிறார்கள்?

247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளை, 'கெ', 'கே', 'கொ', 'கோ' தனியாக வந்தால் திணறும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் மனதில் பதியாததே காரணம்.

இன்னொன்று, பொருள். மக்தபில் பிள்ளைகள் முதலில் எழுத்துக் கூட்டி ஓதப் பழகுகிறார்கள். பொருள் பிறகு வருகிறது. தமிழ்ப் பாடத்தையும் ஒலியாக மட்டும் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் சிலருக்கு வந்துவிடுகிறது. உருது, மலையாளம் பேசும் வீடுகளில் தமிழ்ச் சொல்லே புதிதாக இருக்கலாம். வாசித்துப் புரியாத பிள்ளைக்குக் கணக்கும் அறிவியலும் சேர்ந்தே கைவிட்டுப் போகும். எட்டாம் வகுப்பில் "எனக்குப் படிப்பு வரல" என்று சொல்வதன் தொடக்கம் பெரும்பாலும் மூன்றாம் வகுப்பில் இருக்கிறது.

தினமும் இருபது நிமிடம்

1. பிள்ளை ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். தவறினால் உடனே அதட்டாதீர்கள்; வரி முடிந்ததும் அந்தச் சொல்லை மட்டும் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள்.

2. "என்ன புரிஞ்சுது, சொல்லு" என்று கேளுங்கள். உருதுவிலோ மலையாளத்திலோ பதில் சொன்னாலும் சரியே.

3. ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தெரியவில்லை என்றால் அதைவிட எளிய புத்தகத்தைக் கொடுங்கள். கீழ் வகுப்புப் புத்தகம் என்று வெட்கப்பட வேண்டாம்.

4. கடைப் பலகை, பஸ் போர்டு, மளிகைச் சீட்டு எல்லாவற்றையும் வாசிக்க வையுங்கள்.

வாசிக்கத் தெரியாத அம்மாவும் இதைச் செய்யலாம். பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டாலே போதும். கேட்க ஆள் இருந்தால் பிள்ளை வாசிக்கும்.

புத்தகத்துக்குப் பணம் தடையல்ல. ஆர்.எஸ்.புரத்தில் மாவட்ட மைய நூலகமும் பல பகுதிகளில் கிளை நூலகங்களும் உள்ளன. கைப்பேசி இருந்தால் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

இன்று இரவே தமிழ்ப் புத்தகத்தில் இதுவரை நடத்தாத ஒரு பாடத்தைத் திறந்து, பிள்ளையை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் நிற்கிறதோ, அங்கிருந்து தொடங்குங்கள். நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.