தோள்மூட்டு விலகலுக்குக் கத்தி எப்போது வந்தது?

கேள்வி: காலி வீதியில் மோட்டார் சைக்கிளால் விழுந்த என் மகனுக்குத் தோளில் ‘ஏசி ஜொயின்ட்’ விலகிவிட்டதாம். இதற்குச் சத்திரசிகிச்சை செய்யும் வழக்கம் எப்போது தொடங்கியது?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: காயம் பழையது, கத்தி புதியது. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தோளின் பந்துமூட்டு கழன்றதாக வைத்தியர்களே ஏமாறுகிறார்கள் என்று எச்சரித்தும் இருக்கிறார். விலகுவது காறை எலும்பின் வெளிநுனியும் தோள்பட்டை எலும்பின் மேல்முனையும் சந்திக்கும் சிறு மூட்டு. பிணைக்கும் நார்கள் அறுந்ததும் கையின் பாரம் தோளைக் கீழே இழுக்கும். காறை எலும்பின் நுனி தோலைத் தள்ளிக்கொண்டு நிற்கும். விரலால் அமுக்கினால் இறங்கும், விட்டால் எழும்பும்.

நெடுங்காலம் இறுக்கிக் கட்டுப்போடுவதே வைத்தியம். 1861இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த வைத்தியர் எலியஸ் சாமுவேல் கூப்பர், வெள்ளிக் கம்பியால் கட்டும் முறையை வெளியிட்டார். வைத்தியர் லிஸ்டரின் கிருமிநீக்க முறை வந்தது 1867இல்தான். அதற்குமுன் தோலைத் திறப்பதே உயிராபத்து. 1941இல் வைத்தியர் பொஸ்வேர்த் காறை எலும்பைத் தோள்பட்டை எலும்பின் முன்முனையோடு திருகாணியால் பூட்டினார். 1972இல் வைத்தியர்கள் வீவரும் டன்னும் பக்கத்து நாரொன்றை இடம்மாற்றிப் பொருத்தினார்கள்.

கேள்வி: அண்ணாவின் தோளில் வைத்த தகட்டைக் கழற்ற இன்னொரு ஒப்பரேஷன் என்கிறார்கள். முதல் ஒப்பரேஷன் பிழைத்துவிட்டதா?
– வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: கழற்றுவதும் அந்தச் சிகிச்சையின் பகுதிதான். கையை உயர்த்தும்போதெல்லாம் காறை எலும்பு தன் அச்சில் சுழல்கிறது. அசையவேண்டிய இடத்தை உலோகத்தால் பூட்டினால் உலோகம் தளரும், உடையும் அல்லது எலும்பை அரிக்கும். பல சிக்கல்களுக்கு வேர் இதுவே. தோளில் குத்திய கம்பிகள் நகர்ந்து நுரையீரலுக்குள் போனதை 1943இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். இந்த மூட்டுக்கு வைக்கும் கொக்கித் தகடு தோள்பட்டை முனையின் அடியில் இருந்து அதைத் தேய்ப்பதால் சில மாதங்களில் கழற்றப்படுகிறது. இன்றைய பொத்தான் வைத்த தடித்த நூல் அசைவுக்கு இடம்கொடுக்கும்; ஆனால் துளையிட்ட இடத்தில் எலும்பு முறியலாம், நூல் நெகிழ்ந்து எலும்பு மறுபடி எழும்பலாம். கிருமித்தொற்று எந்த முறையிலும் வரலாம்.

கத்தி எல்லாருக்கும் வேண்டியதும் இல்லை. இந்த விலகலை 1984இல் வைத்தியர் ரொக்வுட் வகுத்த ஆறு தரங்களில் முதலிரண்டுக்கும் கைத்தூளியும் பயிற்சியும் போதும். மூன்றாம் தரத்தில் இன்றும் விவாதம் உண்டு. கடுமையான விலகல் உள்ள 83 பேரை வைத்துக் கனடாவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், கத்தி இல்லாமல் ஆறவிட்டவர்களைவிடக் கொக்கித் தகடு வைத்தவர்களின் எக்ஸ்ரே நேராக இருந்தது. இரண்டு ஆண்டு முடிவில் கையின் செயற்பாடோ இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒன்றே.

தேசிய வைத்தியசாலைக்குப் போனாலும் தனியாரிடம் போனாலும் மூன்றைக் கேளுங்கள்: இது எத்தனையாம் தரம்? கத்தி இல்லாமல் ஆறுமா? உள்ளே வைப்பதை எப்போது கழற்றவேண்டும்? கழற்றும் திகதியைத் தள்ளிப்போடாதீர்கள். காயம் சிவந்தாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றைக்கே போய்விடுங்கள்.