திருப்பித் தருக என்னும் ஓலை

சென்ற ஆண்டுத் தேர்வுகளுக்குச் சிறிது முன்னர், சூலக்கரையை அடுத்துள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து நம் கல்லூரிக்கு வந்து பயிலும் மாணவர் ஒருவர், வகுப்பு முடிந்து ஏனையோர் சென்றபின், எட்டாக மடித்த காகிதம் ஒன்றை எம் மேசைமேல் வைத்தார். அஃது அவர்தம் தந்தையார் பெயருக்குச் சர்க்கார் அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த அறிவிப்பு. உழவர் உதவித்தொகையாக ஒன்பது தவணைகளில் அவர் பெற்ற ரூபாய் 18,000, அவர் வருமான வரி செலுத்துவோராகக் காணப்படுவதால், தகுதியின்றிப் பெற்றதாகும் என்றும், பதினைந்து நாளில் திருப்பிச் செலுத்தாவிடின் சட்டப்படி வசூலிக்கப்படும் என்றும் அதிற் கண்டிருந்தது. "கட்டிவிடலாம் என்று அப்பா சொல்கிறார்கள், ஐயா. கட்டினால் இந்தப் பருவத்துக்கு எனக்குச் சம்பளம் கட்டப் பணமில்லை" என்று சொல்லி அம்மாணவர் தலைகுனிந்து நின்றார்.

இத்தகைய ஓலைகளை வாசித்துப் பொருள் சொல்லும் வேலை, நம் பக்கத்துக் குடும்பங்களில், பெரும்பாலும் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளையின்மேலேயே விழுகின்றது. மாவட்டக் கலெக்டர் அலுவலகம் சூலக்கரைக்கு அண்மையிலேயே இருந்தும், அவ்வூர்க் குடியானவர் பலருக்கு அதன் வாயிற்படி நெடுந்தொலைவாகத் தோன்றுகின்றது. ஆகலின் இவ்விஷயத்தை ஒரு பாடமாகவே இங்கு எழுதத் துணிந்தோம். யாம் சட்டம் பயின்றவரல்லேம். வழக்கறிஞராய் விளங்கும் பழைய மாணவர்கள் எம் பிழை கண்டால் பொறுத்தருள்க.

சர்க்காருக்குப் பணம் திருப்பிக் கட்டுதல் கரிசற்காட்டு உழவருக்குப் புதியதன்று. 1883-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தக் கடன் சட்டப்படியும், 1884-ஆம் ஆண்டின் உழவர் கடன் சட்டப்படியும் கிணறு வெட்டவும், விதையும் மாடும் வாங்கவும் கொடுக்கப்பட்ட தக்காவிக் கடனை நம் பாட்டன்மார் நன்கறிவர். மழை பொய்த்த ஆண்டில் அதன் தவணைக்காக வீட்டுச் சாமான் ஜப்தியான கதைகளும் உண்டு. ஆனால் தக்காவி என்பது கடன். வாங்கும் பொழுதே திருப்பித் தருவதாக ஒப்பி வாங்கியது. இக்காலத்து உதவித்தொகையோ கடனன்று. வாங்கினவர் அதனைத் தமக்குரியதென்று கருதியே உரத்துக்கும் உப்புக்கும் புளிக்கும் செலவிட்டுவிட்டார். சில ஆண்டுகள் கழிந்தபின், "அஃது உமக்குரியதன்று" என்னும் சொல் வருகின்றது. இங்குக் கடன் பிற்காலத்தில் உண்டாக்கப்படுகின்றது. ஆகவே, அக்கடன் உண்மையில் உண்டா என்பதே முதற் கேள்வியாதல் வேண்டும்.

இக்கேள்விக்குச் சட்டம் இருபுறமும் நின்று விடை கூறுகின்றது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 72-ஆம் பிரிவு, தவறுதலாகத் தரப்பட்ட பணத்தைப் பெற்றவர் அதனைத் திருப்பித் தரல் வேண்டும் என்கின்றது. இருவர் சேர்ந்து ஒருவருக்கு நூறு ரூபாய் தரவேண்டியிருக்க, முதல்வர் முழுதும் கொடுத்துவிட்டதை அறியாது மற்றவரும் கொடுத்தாராயின், இரண்டாம் நூறு திரும்பவேண்டியதே என்பது அச்சட்டமே காட்டும் உதாரணம். இதில் மறுப்பதற்கொன்றுமில்லை. தனக்குரியதல்லாத பொருளை வைத்துக்கொள்ளலாகாது என்பதை நம் வீடுகளிலும் சிறுபிள்ளைக்கே சொல்லித்தருகின்றோம். மேலும், சர்க்கார் வழக்குத் தொடுப்பதற்கு 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் முப்பது ஆண்டு தவணை தருகின்றது; நமக்கோ பெரும்பாலான பண வழக்குகளுக்கு மூன்றே ஆண்டு. ஆகையால் "பழைய பாக்கிதானே, காலங் கடந்துவிட்டது" என்று சும்மா இருந்துவிடுதல் தகாது.

மறுபுறம், தவறு எவருடையது என்பதையும் நியாயத்தலங்கள் கேட்டிருக்கின்றன. கேரளத்துப் பள்ளியாசிரியர் தாமஸ் டேனியல் என்பாரின் வழக்கு இதற்கு நல்ல சான்று. அவர் மேற்படிப்பின் பொருட்டுச் சம்பளமில்லா விடுப்பில் இருந்த காலத்தையும் சேவைக்காலமாக எண்ணி அலுவலகத்தார் ஊதிய உயர்வு கொடுத்துவிட்டனர். 1999-இல் அவர் ஓய்வு பெற்றார். கணக்குத் தணிக்கையில் வெளிப்பட்ட இம்மிகைத் தொகைக்காக அவருக்குரிய பணிக்கொடை நிறுத்தி வைக்கப்பட்டது. வழக்கு ஏறியிறங்கி, 2022-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது: அவர் பொய் சொல்லிப் பெற்றதன்று, விதியைத் தவறாகப் பொருள்கொண்டு அலுவலகத்தாரே கொடுத்தது, ஓய்வு பெற்று இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அதனை வசூலித்தல் நியாயமன்று. இருபத்திரண்டு ஆண்டுக்கு மேல் ஒரு முதியவர் காத்திருந்து பெற்ற விடை இது. வென்றார் என்று மகிழ்வதா, இத்தனை காலமா என்று வருந்துவதா என்பது எமக்கு இன்னும் விளங்கவில்லை.

இதற்கு முன்னரே, 2014 டிசம்பர் 18-இல், பஞ்சாப் மாநிலத்துக்கும் ரபீக் மஸீ என்பாருக்கும் நடந்த வழக்கில் அதே மன்றம் ஒரு வரம்பு கட்டியது. கீழ்நிலை ஊழியரிடமிருந்தும், ஓய்வு பெற்றவர் அல்லது ஓராண்டுக்குள் ஓய்வு பெறவிருப்பவரிடமிருந்தும், ஐந்தாண்டுக்கு மேலாகத் தொடர்ந்து கொடுத்துவந்த மிகைத் தொகையையும், மேற்பதவியின் வேலையை வாங்கிக்கொண்டு அதற்கெனக் கொடுத்த சம்பளத்தையும் திரும்பக் கேட்டல் கூடாது. இவையன்றி, வசூல் செய்தல் பெருங்கொடுமையாய் முடியும் எவ்விடத்தும் அது விலக்கப்படும் என்பது அதன் சாரம். நம் ஊர்களில் ஓய்வூதியம் பெறும் ஆசிரியரும் சத்துணவு ஊழியரும் காவலரும் இத்தீர்ப்பின் பெயரையேனும் நினைவில் வைத்திருத்தல் நன்று. ஆனால், மிகையாக வந்தால் திருப்பித் தருவேன் என்று முன்னரே உறுதிமொழி எழுதிக் கொடுத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவரே என்று 2016-இல் ஜகதேவ் சிங் என்பாரின் வழக்கில் அதே மன்றம் கூறியதையும் மறைத்தல் கூடாது. எனவே, ஓய்வு பெறுகையில் கையெழுத்திடும் தாள்களை ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திடுக என்பதே எம் வேண்டுகோள். அடுக்காய் வைத்து நீட்டும் தாள்களை எவர்தான் படிக்கின்றனர்?

இத்தீர்ப்புகள் சம்பளமும் ஓய்வூதியமும் பற்றியவை. உழவர் உதவித்தொகைக்கு அவை அப்படியே பொருந்தும் என்று சொல்ல யாம் துணியோம். அத்திட்டம் 2019 பிப்ரவரி 24-இல் தொடங்கப்பட்டது. நிலமுடைய உழவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக, நேரே வங்கிக் கணக்கிற் சேரும். வருமான வரி செலுத்தியோர், மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் ஓய்வூதியம் பெறுவோர் முதலியோர் அதற்கு உரியரல்லர். (கீழ்நிலை ஊழியராயிருந்து ஓய்வு பெற்றோருக்கு இவ்விலக்கு இல்லை.) 2020-ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட பதின்மூன்று மாவட்டங்களில் நடந்ததை நாளிதழ் படித்தோர் மறந்திரார். அலுவலகக் கடவுச்சொற்கள் தகாதார் கைக்குச் சென்று, உழவரல்லாத ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் பெயர்கள் பட்டியலில் ஏற்றப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் வெளியேறியது. பணம் பெற்றோரிற் பலர், அது கொரோனா நிவாரணம் என்று இடைத்தரகர் சொன்னதை நம்பி, தரகுங் கொடுத்துப் பெற்ற கூலியாட்கள். வசூல் தொடங்கிய பொழுது முதலில் வந்து நின்றது இவர்கள் வாயிலில்தான். பணம் சர்க்காருடையது, திரும்பவேண்டியது என்பதில் ஐயமில்லை; ஆயினும் ஏமாற்றினவனையும் ஏமாந்தவனையும் ஒரே தராசில் நிறுத்தல் நியாயமாகுமா என்று அந்நாளில் யாம் நண்பரோடு வாதித்ததுண்டு.

ஆளின் தவறு இவ்வாறாயின், கணக்கின் தவறு வேறொரு வகை. இதற்கு ஆஸ்திரேலியாவில் 2016 முதல் 2019 வரை நடந்த செய்தியைக் காட்டலாம். அந்நாட்டில் வேலையற்றோர் முதலியோருக்கு இருவாரத்துக்கு ஒருமுறை உதவித்தொகை உண்டு. அவ்விரு வாரத்தில் அவர் ஈட்டியது எவ்வளவோ அதற்கேற்ப அது குறையும். பின்னர் அரசினர், வரி அலுவலகத்திலிருந்த ஆண்டு வருமானத்தை எடுத்து, இருபத்தாறு இருவாரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டு, இயந்திரத்தின் வாயிலாகவே "நீர் மிகையாகப் பெற்றீர்" என்று லட்சக்கணக்கானோருக்கு ஓலை விடுத்தனர்.

இதிலுள்ள பிழையைச் சிவகாசிப் பிள்ளைகள் எளிதில் உணர்வர். பட்டாசுத் தொழிலாளி ஒருவர், ஆண்டின் பதின்மூன்று இருவாரங்களில் தவணைக்கு 4,000 வீதம் 52,000 ஈட்டினார். மழையாலும் ஆலை மூடலாலும் மற்றைப் பதின்மூன்றில் ஒரு காசும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 2018 நவம்பர் முதல் சில மாதங்கள் அவ்வட்டாரத்து ஆலைகள் மூடிக்கிடந்ததைக் கண்டவர் இதனை வெறுங் கற்பனை என்னார். 52,000-ஐ 26-ஆல் வகுத்தால் 2,000. உடனே இயந்திரம், வேலையில்லாது உதவி பெற்ற பதின்மூன்று தவணையிலும் அவர் 2,000 ஈட்டியதாகவும், அதனை மறைத்ததாகவும் எழுதிவிடுகின்றது. வகுத்தல் சரி, வாழ்க்கைக்குத்தான் அது பொருந்தவில்லை. அன்றியும், பல ஆண்டுக்கு முந்திய சம்பளச் சீட்டைத் தேடிக் காட்டி, தாம் கடனாளியல்லர் என்று மெய்ப்பிக்கும் சுமை அந்த ஏழையின் தலையிலேயே வைக்கப்பட்டது. 2019-இல் நியாயத்தலத்தில் அம்முறை சட்ட விரோதமென்று அரசினரே ஒப்பினர். வாங்கிய பணம் திருப்பித் தரப்பட்டது. 2023 ஜூலையில் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை அதனைக் கடுமையாகக் கண்டித்தது. நெதர்லாந்திலும் குழந்தை வளர்ப்பு உதவி பெற்ற ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசக்காரரென்று தவறாக முடிவுகட்டி வசூலித்த காரணத்தால், 2021 ஜனவரி 15-இல் மந்திரிசபையே பதவி விலகிற்று.

இனி, நம் மாணவரின் காகிதத்துக்கு வருவோம். அவரையும் அவர் தந்தையாரையும் மறுநாள் எம் அறைக்கு வரச்சொல்லி, மூவருமாக அதனை வரி வரியாகப் படித்தோம். எத்திட்டம், எந்தெந்தத் தவணை, எவ்வளவு தொகை, என்ன காரணம், எச்சட்டத்தின் எப்பிரிவு, எத்தனை நாளில் விடை என்று ஒரு தாளில் தனியே குறித்தோம். காரணமும் தொகையும் இருந்தன. எந்த ஆண்டின் வரி என்பது இல்லை. சட்டப் பிரிவும் இல்லை. தந்தையாரோ, "வரியா? நான் எங்கே ஐயா வரி கட்டினேன்?" என்றார். கேட்கக் கேட்க விஷயம் வெளிப்பட்டது. அவரிடம் ஒன்றரை ஏக்கர் கரிசல் நிலத்தோடு சிறிய சரக்கு வண்டி ஒன்றும் இருந்தது. அச்சகம் ஒன்றுக்குச் சரக்கு ஏற்றிய வகையில், வாடகையில் அவர்கள் வரி பிடித்துக்கொள்வர். அதனைத் திரும்பப் பெறுவதற்காகக் கணக்கெழுதுபவர் ஒருவர் ஆண்டுதோறும் வருமானக் கணக்குத் தாக்கல் செய்துவந்தார். கணக்குத் தாக்கல் செய்தல் வேறு, வரி செலுத்துதல் வேறு. இரண்டாண்டுகளில் பிடித்த வரி முழுவதும் அவருக்கே திரும்பியிருந்தது. ஓராண்டில் மட்டும், வண்டியோட்டம் மிகுந்திருந்தமையால், அவர் வரி கட்டியது உண்மையே.

இவ்வுண்மையை மறைத்துவிடலாம் என்று எவரும் சொல்லவில்லை என்பதை மகிழ்ச்சியோடு எழுதுகின்றோம். விடை எழுதும் வேலையை மாணவரே செய்தார். யாம் சில சொற்களை மட்டும் திருத்தினோம். தவணை வாரியாகக் கணக்குக் கேட்டும், இரண்டாண்டுக்குரிய 12,000 ரூபாய்க்கு வரித்துறையின் தாள்களின் நகலை இணைத்து மறுத்தும், ஓராண்டுக்குரிய 6,000-ஐ ஒப்பி அதனை இரு தவணையாகச் செலுத்த அனுமதி வேண்டியும், நேரில் விசாரிக்கக் கோரியும் எழுதிய அக்கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. பதின்மூன்றாம் நாள் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலையும் தபால் ரசீதையும் ஒன்றாகத் தைத்து வைத்தார்.

விடை வாராவிடின் மேற்செய்வதற்கும் வழிகள் உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில், எவ்வாதாரத்தால் இம்முடிவு செய்யப்பட்டது என்று கேட்கலாம். பொதுவாக முப்பது நாளில் விடை தரல் வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்க இயலாதோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு. பெண்டிர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர் ஆகியோர் வருமானத்தைக் காட்டாமலே அதனைப் பெறலாம். தீப்பெட்டி ஆலைக்கும் பட்டாசு ஆலைக்கும் செல்லும் நம் தாய்மாரும் அக்காமாரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும். நம் மாவட்டத்துத் தலைமை நியாயத்தலமிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அச்சட்ட உதவிக் குழு உண்டு. வட்ட அளவிலும் குழுக்கள் உண்டு.

இன்னொன்று. தொலைபேசியில் அழைத்து, "உதவிப் பணத்தை உடனே திருப்பிக் கட்டுக, வந்த எண்ணைச் சொல்லுக" என்பவனும், அலைபேசிக்கு ஏதோ ஓர் இணைப்பை அனுப்பி அதனைத் தொடச் சொல்பவனும் சர்க்கார் ஆளல்லன். அவ்வுழவர் திட்டத்தின் இணையத் தளத்திலேயே பணத்தைத் திருப்பிச் செலுத்தும் பகுதி உள்ளது. அலுவலர் என்று வந்து நிற்பவர் கையிலும் ரசீதில்லாது ஒரு ரூபாயும் கொடுத்தலாகாது.

ஏறக்குறைய நான்கு திங்கள் கழித்து அலுவலகத்திலிருந்து விடை வந்தது. நேரில் அழைத்து விசாரித்தனர். விசாரித்த அலுவலர் தந்தையாரை நாற்காலியில் அமரச்சொன்னார் என்பதை மாணவர் எம்மிடம் இருமுறை சொன்னார். கோரிக்கை 6,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. முதல் தவணைக்கு ஓர் ஆட்டை விற்றனர். இரண்டாவதைப் பருத்தி எடுத்தபின் கட்டினர். கல்லூரிச் சம்பளம் உரிய நாளில் கட்டப்பட்டது. அண்மையில் அம்மாணவர் மீண்டும் எம் அறைக்கு வந்தார்; இம்முறை அவர் கையிலிருந்தது, அடுத்த தெருப் பாட்டி ஒருவரின் முதியோர் உதவித்தொகை பற்றிய காகிதம். அதற்கு எழுதவேண்டிய விடையை அவர் முன்னமே எழுதி முடித்திருந்தார். எழுத்துப்பிழை இரண்டை மட்டும் திருத்திக் கொடுத்தோம்.