பிஸ்டன் இறுகுவது ஏன்?

தொடக்க கால என்ஜின்களில் பிஸ்டன் வார்ப்பிரும்பால் ஆனது. கனம் அதிகம், வேகமாக ஓட்டினால் அதிர்வு மிகும். 1913-ல் இங்கிலாந்தில் டபிள்யூ. ஓ. பென்ட்லி, அலுமினியத்துடன் செம்பு கலந்த பிஸ்டனைக் காரில் பயன்படுத்தினார். எடை குறைந்தது, சூடும் விரைவாகச் சிலிண்டர் சுவருக்குக் கடந்தது.

ஆனால் அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். இடைவெளி போதாவிட்டால் சிலிண்டரில் இறுகிவிடும். அதிகமானால் குளிர்ந்த நிலையில் தட்டும். எனவே அதிகச் சூடு படும் தலைப்பகுதி, அடிப்பகுதியைவிடச் சற்றுச் சிறிதாகக் கடையப்பட்டது. பின்னர் சிலிக்கான் கலந்து விரிவும் குறைக்கப்பட்டது.

பயிர் வாடும் நேரத்தில் பம்புசெட் என்ஜின் இறுகாமலிருக்க, குளிர்விக்கும் நீர் ஓட்டத்தையும் ஆயில் அளவையும் தினமும் கவனிக்கவும். புதுப் பிஸ்டன் மாற்றியதும் முதல் சில மணி நேரம் குறைந்த பளுவில் ஓட்டவும்.