கண் விழிக்காத கணினி

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பல்கலைக்கழக விடுதியில் இருந்த எனக்குத் தங்கை போன் பண்ணினாள். "அண்ணா, லேப்டாப் செத்துப் போச்சு. மூடி வெச்சிட்டுக் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். இப்பத் திறந்தா திரை கறுப்பா இருக்கு. உள்ளே காத்தாடி மட்டும் சுத்துது. பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்கப் போறேன்."

"ஐயோ, கைய எடு முதல்ல!" என்று கத்திவிட்டேன். பக்கத்து அறைக்காரன் எட்டிப் பார்த்தான்.

தங்கை ஆறாம் படிவம். எஸ்.டி.பி.எம். இடுபணி 14 பக்கம் தட்டி வைத்திருக்கிறாள். மதியத்திலிருந்து ஒரு தடவைகூட சேவ் பண்ணவில்லை. திங்கட்கிழமை ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும்.

நான் ஏன் கத்தினேன் என்று புரிய, ஸ்லீப் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். கணினி தூங்கும்போது நம்முடைய வேலை எல்லாம் ரேம் என்கிற நினைவகத்தில்தான் இருக்கிறது. மற்ற பாகங்களுக்கு மின்சாரம் குறைந்தாலும், நின்றாலும், ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அது நின்றால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடிப்பது அதைத்தான் செய்கிறது. வேர்ட் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒரு முறை தானாக ஒரு மீட்புப் பிரதி எடுத்து வைக்கும், உண்மைதான். ஆனால் அது கிடைக்கும் என்று நம்பி பட்டனை அமுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஹைபர்னேட் வேறு. அதில் ரேமில் உள்ளதை எல்லாம் வன்தட்டில் எழுதிவிட்டுத்தான் கணினி அணையும். எழுந்திருக்க நேரம் பிடிக்கும். அதனால் முதலில் சார்ஜரைச் செருகச் சொல்லி, ஒரு நிமிடம் சும்மா இருக்கச் சொன்னேன். தங்கைக்கு அந்த ஒரு நிமிடம் ஒரு யுகம்.

திரை வரவில்லை. அடுத்து, "கேப்ஸ் லாக் விசையைத் தட்டு. லைட் எரிஞ்சு அணையுதா?" என்றேன். "எரியுதுண்ணா." அப்பாடா. இந்தச் சின்ன லைட்தான் பாதி நோயைச் சொல்லிவிடும். தட்டத் தட்ட அது மாறினால் கணினி விழித்துவிட்டது, திரைதான் வரவில்லை. மாறவே இல்லை என்றால் பெரும்பாலும் உள்ளே எல்லாமே உறைந்துவிட்டது.

விழித்திருக்கிற கணினிக்கு விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒன்றாக அமுக்க வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது திரையை இயக்குகிற டிரைவரை மட்டும் நிறுத்தி மறுபடி ஓட்டும். திறந்திருக்கிற வேலைக்கு ஒன்றும் ஆகாது. 'பீப்' என்று ஒரு சத்தம், ஒரு மினுக்கு, தங்கையின் திரை வந்துவிட்டது. முதல் வேலையாக சேவ் பண்ண வைத்தேன்.

அது பலிக்காமல் போயிருந்தால்? எச்.டி.எம்.ஐ. கம்பியால் வீட்டு டிவியில் மாட்டிப் பார்க்கச் சொல்லியிருப்பேன். டிவியில் படம் வந்தால் வேலையைக் காப்பாற்றிவிடலாம். இன்னொன்று, இருட்டில் போன் டார்ச்சைத் திரை மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால், பின்னொளி மட்டும்தான் போயிருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வித்தையும் உண்டு: என்டர் தட்டி, சில விநாடி பொறுத்து, கடவு எண்ணை அடித்து, பிறகு கண்ட்ரோல், எஸ். ஏற்கெனவே பெயர் வைத்துச் சேமித்த கோப்பாக இருந்தால் இது பலிக்க வாய்ப்பு இருக்கிறது. தங்கையுடையது பெயரே வைக்காத கோப்பு!

திரை வந்தால் மட்டும் போதாது, காரணம் தெரிய வேண்டும். மறுநாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அந்த வாரம்தான் விண்டோஸ் தானாகவே திரை டிரைவரைப் புதுப்பித்திருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர் பகுதிக்குப் போய், பழைய டிரைவருக்குத் திருப்பினேன். பிறகு ஷட் டவுன் பண்ணாமல் ரீஸ்டார்ட் பண்ணினேன். இது பலருக்குத் தெரியாது: ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஓடுகிற கணினியில் ஷட் டவுன் என்பது பாதி ஹைபர்னேட் மாதிரி. சுத்தமாகப் புதிதாகத் தொடங்க ரீஸ்டார்ட்தான் வேண்டும்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கையான காரணமும் சொல்கிறேன். பல லேப்டாப்களில் மூடி மூடியிருக்கிறதா என்பதை உள்ளே இருக்கிற காந்தத்தை வைத்துத்தான் கணினி தெரிந்துகொள்கிறது. காந்தம் வைத்த போன் உறையை விசைப்பலகை ஓரத்தில் வைத்தால், மூடிவிட்டார்கள் என்று நினைத்து மறுபடி தூங்கிவிடும். போனை நகர்த்துங்க, சரியாகிவிடும்.

நம் மண்டபத்து டியூஷன் வகுப்புக் கணினி வேறு கதை. விசைப்பலகையைத் தட்டினால் எழாது. டிவைஸ் மேனேஜரில் விசைப்பலகையின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், கணினியை எழுப்ப அனுமதி என்கிற கட்டத்தில் டிக் இல்லை. போட்டேன். அப்புறமும் சில நாள் எழவில்லை, கேப்ஸ் லாக் லைட்டும் அசையவில்லை. இங்கே பட்டனை அமுக்கிப் பிடிப்பதைத் தவிர வழியே இல்லை. பிளக்கைப் பிடுங்கி, இரும்புப் பெட்டியைத் தொட்டுக் கையில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிவிட்டு, உள்ளே இருந்த இரண்டு ரேம் பலகைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தேன். யாரோ கொடுத்த பழைய பலகை இருந்தால் தூக்கம் கலையவில்லை. அது இல்லாமல் ஐந்து முறை தூங்க வைத்தேன், ஐந்து முறையும் எழுந்தது.

இப்போது ஒரே பலகை, 4 ஜிபிதான். ஆமை வேகம் என்று பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். இன்னொன்று வாங்கலாமா என்று கேட்டதற்கு, அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்கிறார் பொருளாளர் அண்ணன்.