ஐந்து பாலம், ஒரு சால்வை

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பாலங்களை எண்ணிக்கொண்டே போகலாம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. பதின்மூன்று கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறு. ஊருக்குப் பெயர் வந்ததே அப்படித்தான். பாலத்துக்கும் பாலத்துக்கும் நடுவே வயல். கரை, ஆறு, வயல், ஆறு என்று இந்தச் சாலை தானாகவே ஒரு கோடு போட்ட சால்வைபோல இருக்கிறது. அதை அப்படியே பின்னிவிடலாம்.

தஞ்சை வெயிலுக்குக் கம்பளி ஆகாது. நடுத்தரப் பருமனுள்ள பருத்தி நூல் 600 கிராம் வாங்கினால் போதும். 5 மி.மீ. வட்ட ஊசி வேண்டும். அதன் வடம் 120 செ.மீ. நீளம் இருக்கட்டும். வட்டமாகப் பின்னப்போவதில்லை, நிறையக் கண்ணிகளைத் தாங்கத்தான் அந்த நீளம். சிவப்பு, அரக்கு நூல்களை மட்டும் முதலில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட வேண்டும். சாயம் இறங்கும் நூலைத் தொடவே கூடாது.

நிறம் எடுப்பதுதான் சுவையான வேலை. ஆறு என்றதும் நீலத்தைத் தேடுபவர்கள் டெல்டாவைப் பார்க்காதவர்கள். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தபின் வரும் புதுத்தண்ணீர் செம்பழுப்பு. பங்குனியில் வெறும் மணல். இடையில் பாசிப்பச்சையும் உண்டு, சாம்பலும் உண்டு. ஆற்றுக்கொன்றாக நான்கு ஆறுகளுக்கு இவற்றைக் கொடுத்துவிட்டு, நீலத்தைக் காவிரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஐந்து ஆறுகளுக்கு நடுவே வயல் நான்கு: நாற்றங்காலின் இளம்பச்சை, தூர் கட்டிய பயிரின் கரும்பச்சை, முற்றிய கதிரின் மஞ்சள், வைக்கோலின் வெளிர்நிறம்.

கரைகள் இரண்டு. தஞ்சைப் பக்கக் கரைக்கு 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த பெரிய கோயிலின் கல் நிறம். திருவையாற்றுக் கரைக்கு அரக்கு. 1847-ல் கர்நாடக இசை மேதை தியாகராஜர் மறைந்த இந்த ஊரில் அவருடைய சமாதிக் கோயிலை 1920-களில் சொந்தப் பணத்தில் எழுப்பியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். ஒரு பட்டுப்புடவை நிறமாவது அவர் பேரில் இருக்கட்டும்.

பின்னத் தொடங்குமுன் 24 கண்ணியில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, உலர்த்தி அளக்க வேண்டும். 10 செ.மீ.-க்கு 18 கண்ணி வந்தால் 150 செ.மீ. நீளத்துக்கு 270 கண்ணி. 20 வந்தால் 300. பருத்தி துவைத்தபின் சுருங்கும் என்பதால் இந்தப் படியைத் தாண்டக்கூடாது.

சால்வையை அகலவாக்கில் அல்ல, நீளவாக்கில் பின்ன வேண்டும். ஒரு வரிசை என்பது சால்வையின் முழு நீளம். 270 கண்ணியை ஏற்றி, 30 கண்ணிக்கு ஒரு அடையாள வளையம் போட்டுக்கொண்டால் எண்ணிக்கை தவறாது. எல்லா வரிசையும் நேர்ப்பின்னலே. கரை 16 வரிசை, ஆறு 8, வயல் 24 என்று மாறி மாறி வந்து, எதிர்க்கரை 16-ல் முடியும்போது மொத்தம் 168 வரிசை, அகலம் சுமார் 47 செ.மீ.

இனி குஞ்சம். தறியிலிருந்து துணியை அறுத்து இறக்கும்போது நெய்யப்படாமல் மிஞ்சும் பாவு நூலைத்தான் நெசவாளர்கள் முடிந்து குஞ்சமாக்குகிறார்கள். அது தனியே ஒட்டவைத்த அலங்காரம் இல்லை. இங்கேயும் அதே வழிதான். ஒவ்வொரு வரிசையையும் புது நூலில் தொடங்கி 20 செ.மீ. வால் விட வேண்டும். வரிசை முடிந்ததும் மறுபடி 20 செ.மீ. விட்டு நறுக்க வேண்டும். முடிந்த நூலின் வாலும் அடுத்த நூலின் வாலும் ஒரே ஓரத்தில் சந்திக்கும். அங்கேயே இரண்டையும் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் ஓரக் கண்ணி அவிழாது. நூல் நுனிகளை உள்ளே செருகி மறைக்கும் சலிப்பான வேலையும் மிச்சம்.

காவிரிக்கு மட்டும் ஒரு சின்னக் கைவேலை செய்யலாம். நான்காவது வரிசையில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஊசியில் நூலை இரண்டு சுற்றாகச் சுற்றி, ஐந்தாவதில் ஒரு சுற்றை நழுவவிட்டால் கண்ணிகள் நீண்டு, நடுவில் ஒரு வலைவரி ஓடும்.

கண்ணிகளைத் தளர்வாக மூட வேண்டும். இறுக்கினால் கரை வளைந்துவிடும். பிறகு எட்டு வாலுக்கு ஒரு குஞ்சமாக ஓரத்தை ஒட்டி முடிந்து, 12 செ.மீ.-ல் சமமாக நறுக்கலாம். ஏற்றிய நூலிலும் மூடிய நூலிலும் மிஞ்சும் வால்கள் ஓரக் குஞ்சங்களோடு சேரட்டும். ஆற்றுக்கு ஒன்று, வயலுக்கு மூன்று, கரைக்கு இரண்டு என ஒரு முனைக்கு 21 குஞ்சம் வரும்.

துவைத்தபின் கொடியில் போடாதீர்கள். ஈரப் பருத்தி தன் கனத்திலேயே இழுபட்டுவிடும். நிழலில் பாய் விரித்து, சால்வையைப் பரப்பி, குஞ்சங்களை விரலால் கோதிவிட்டு உலரவையுங்கள். மார்கழி, தை வாக்கில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடக்கும்போது காலைப் பனிக்குத் தோளில் போட்டுக்கொள்ள இந்தக் கனம் சரியாக இருக்கும்.